கேரியரில் உத்தமன்

எண்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதத்தில் உத்தமனின் வலது முழங்கால் மடங்காமல் போனது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை பார்த்த பட்டறையில், சுவரோரம் அடுக்கியிருந்த இரும்புத் தகடுகள் சரிந்து காலின்மேல் விழுந்தன. ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். மூட்டுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. கட்டுப் பிரித்த அன்று கால் நீட்டியது நீட்டியபடியே நின்றது. பட்டறையிலிருந்து கொஞ்ச நாள் ஆள் வந்து விசாரித்தார்கள். அப்புறம் அதுவும் நின்றுபோனது.

அதற்கு முன்னால் உத்தமனுக்கு ஊரில் ஒரு தனி மதிப்பு இருந்தது. திருமழிசையைத் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டிய சின்ன ஊர் அது. அவன் அப்பன் காலத்தில் எல்லாரும் பக்கத்து வயல்களில் கூலிக்கு இறங்கினவர்கள். உத்தமனோ விடிந்ததும் சைக்கிளை எடுத்து, பூந்தமல்லி வரைக்கும் மிதித்து, அங்கே கலீலுல்லா பாயின் சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு, அம்பத்தூர் பஸ் ஏறுவான். எஸ்டேட்டில் இறங்கிப் பட்டறை வரைக்கும் நடை. திருமழிசையிலேயே பஸ் ஏறினால் என்ன என்று யாராவது கேட்டால், "திருவள்ளூர் வண்டி இங்க வரசொல்லவே ஜனம் தொங்கிகினு வருது. பாதி நாள் நிக்காம பூடுவான். பூந்தமல்லின்னா வண்டியே அங்கேர்ந்துதான் கெளம்புது, குந்திகினு போலாம்" என்பான்.

கால் போனபின் அவன் பெண்சாதி தாயம்மா வேலைக்குக் கிளம்பினாள். அதே எஸ்டேட்டில், மோட்டார் வண்டிகளுக்கான ஒயர்களைக் கோத்துக் கட்டும் கம்பெனி ஒன்றில் இடம் கிடைத்தது. வரப்பு வழியாகத் திருமழிசை வரைக்கும் நடந்து, நிற்கிற பஸ்ஸில் எப்படியாவது ஏறி, பூந்தமல்லியில் வண்டி மாறிப் போய்ச் சேர்வாள். பஸ் நிற்காத நாட்களில் தாமதமாகப் போய், கேட்டில் நின்று கெஞ்சுவாள். உத்தமன் வீட்டில் சோறாக்கினான். மகள் சொர்ணத்துக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டான். முதலில் கோணலாக விழுந்த பின்னல் போகப்போக நேரானது. மத்தியானத்தில், யாரும் ஓட்டாத தன் சைக்கிளைத் துணி போட்டுத் துடைத்து வைப்பான்.

ஒருநாள் பொழுது சாய வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். குதிகாலில் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. உத்தமன் வேப்பெண்ணெயைக் கொண்டுவந்து, காலை நீட்டியபடியே அவளருகே உட்கார்ந்து தடவிவிட்டான்.

"சைக்கிள் கத்துக்கோமே" என்றான்.

"இன்னாயா, வெளாடுறியா? பொம்பள சைக்கிள்ல போனா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கிறவன் வந்து உன் காலுக்கு எண்ண தடவுவானா?"

ஞாயிற்றுக்கிழமை தாயம்மாவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள்.

சைக்கிள் பழக்குகிறவன் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். உத்தமனால் ஓட முடியாது. கரையின்மேல் நின்று யோசித்தான். கரையிலிருந்து வறண்ட ஏரிக்குள் மாட்டுவண்டி இறங்குகிற சரிவு ஒன்று இருந்தது. தாயம்மாவை மேலே சீட்டில் உட்கார வைத்துவிட்டு, கைத்தடியை ஊன்றி மெல்ல மெல்லக் கீழே இறங்கிப்போய், சரிவு முடிகிற இடத்தில் இரண்டு கைகளையும் விரித்து நின்றான்.

"உடு. தானா வரும். என்னைப் பாத்துகினே வா."

"நீ நவுந்துக்கமாட்டியே?"

"நான் எங்க நவுர்றது, வாமே."

கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தாள். எருக்கம் புதரில் போய் விழுந்தாள். மறுபடி ஏறினாள். பல தடவை விழுந்தபின் ஒருமுறை கண்ணைத் திறந்தபடி நேராக வந்தாள். பிரேக்கை மறந்து அவன்மேலேயே மோதினாள். இருவரும் சைக்கிளோடு மண்ணில் புரண்டார்கள். தன் முழங்காலுக்கு என்ன ஆயிற்றோ என்று அவன் பதறித் தடவிப் பார்க்கும்போது, தாயம்மா மண்ணில் கிடந்தபடியே சிரித்தாள். அடிபட்ட நாளிலிருந்து அவள் சிரித்து அவன் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே அவனும் எழுந்திருக்காமல் கிடந்தான்.

ஓட்ட வந்துவிட்டது. ஆனால் அது குறுக்கே பார் வைத்த ஆண்கள் சைக்கிள்; புடவையோடு ஏறி இறங்குவது பெரும்பாடாக இருந்தது. தட்டுத்தடுமாறி முதல் நாள் பூந்தமல்லி ஸ்டாண்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது, கலீலுல்லா பாயின் வீட்டம்மா மஹ்பூபா கல்லாவில் இருந்தார். புடவைக் கரை கிழிந்து தொங்குவதைப் பார்த்து, ஊசி நூல் எடுத்துக் கொடுத்தார்.

"எங்க அண்ணன் எனக்கு வாங்கிக் குடுத்த லேடீஸ் சைக்கிள் ஒண்ணு ஊட்டுல கெடக்குது. நிக்காஹ்வுக்கு அப்பறம் தொடவே இல்ல. துரு புடிச்சு கெடக்கிறதுக்கு ஓடவாச்சும் ஓடட்டும். இத இங்க உட்டுட்டு அத எடுத்துகினு போ" என்றார்.

அன்று சாயங்காலம் சுவரோரம் வேறொரு வண்டி வந்து நின்றதை உத்தமன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தன் வண்டி எங்கே என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஸ்பேனரை எடுத்து வந்து, அவள் உயரத்துக்குச் சீட்டை இறக்கினான். செயினுக்கு எண்ணெய் விட்டான். பின்சக்கரத்தில் புடவை மாட்டாமலிருக்க, பழைய மீன்வலையை வெட்டிக் கட்டிவிட்டான்.

மறு வருஷம் கலீலுல்லா பாய் மார்க்கெட் பக்கம் ஒரு வாடகை சைக்கிள் கடை திறந்தார். மஹ்பூபாவுக்கும் உடம்புக்கு முடியவில்லை. ஸ்டாண்டில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும். "உத்தமன் வருவாரா, கேட்டுச் சொல்லும்மா" என்று தாயம்மாவிடம் பாய் சொல்லி அனுப்பினார்.

"எப்படிமே போறது?" என்றான் உத்தமன்.

"பின்னாடி குந்து. நான் இட்டுகினு போறேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீட்டிய காலோடு கேரியரில் இருபக்கமும் கால் போட்டு உட்கார முடியாது. பெண்கள் உட்காருவதுபோல ஒரு பக்கமாகத்தான் உட்கார வேண்டும். பெண்சாதி மிதிக்க, புருஷன் அப்படிப் போவதைத் திருமழிசை டீக்கடை முழுக்கப் பார்க்கும். தாயம்மா மறுபடி கேட்கவில்லை. பாயிடம் மட்டும், "யோசிக்கிறாரு பாய், கொஞ்சம் பொறுங்க" என்று நாளைக் கடத்தினாள்.

ஒருநாள் காலையில், அவள் குளிக்கப் போயிருந்தபோது, உத்தமன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தடியோடு கிளம்பிவிட்டான். வரப்பில் நின்று நின்று நடந்து, வியர்த்து விறுவிறுத்து மெயின்ரோட்டுக்கு வந்து சேர்ந்தான். முதல் பஸ் நிற்கவில்லை. இரண்டாவது நின்றது. கண்டக்டர் நல்ல மனுஷன். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கையை நீட்டினார். படி உயரமாக இருந்தது. படியில் நின்றவர்களுக்கு நகர இடமில்லை. நீட்டிய கால் எந்தப் பக்கமாக வைத்தாலும் யார்மீதாவது இடித்தது. ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன.

"நீ போ நைனா" என்று உத்தமனே பின்வாங்கினான்.

அதற்கப்புறம் வந்த பஸ்ஸுக்கு அவன் கை காட்டவில்லை. மைல்கல்லின்மேல் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தாயம்மாவின் சைக்கிள் வந்து நின்றது. கேரியரில் கிடந்த சாப்பாட்டுப் பையை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டினாள்.

"எனக்கு நேரமாவுது. ஏறு."

உத்தமன் ஏறினான். ஒரு பக்கமாக, பெண்களைப்போல. நீட்டிய கால் ரோட்டைப் பார்த்துத் துருத்திக்கொண்டு நின்றது. வண்டி கிளம்ப மறுத்து ஆடியது. படகுக்காரன் கழி ஊன்றுகிற மாதிரி அவன் தடியைத் தரையில் ஊன்றி உந்தினான். வண்டி ஓடத் தொடங்கியது.

டீக்கடைக்கு நேரே வரும்போது, கிளாஸும் கையுமாக நின்ற ஊர்க்காரன் வேம்புலி, "இன்னா அண்ணாத்தே, டிரைவரு புதுசா?" என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தாயம்மாவின் முதுகு விறைத்ததை உத்தமன் கண்டான். சீட்டின் ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த கையை எடுத்து, அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

"புதுசு இல்ல மாமே, பர்மனன்ட்டு" என்றான்.

வேம்புலிதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தான். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. பிற்பாடு தன் தங்கைக்கு சைக்கிள் பழக்க ஏரிக்கரைக்கு அழைத்துப் போனவனும் அவன்தான்.

ஸ்டாண்டில் உத்தமனுக்கு வேலை பிடித்துப்போனது. மழை வந்தால் கூரைக்கு வெளியே நிற்கும் வண்டிகளின் சீட்டுகளுக்குத் தானே பிளாஸ்டிக் பை மாட்டுவான். காற்று இறங்கிய டயரைக் கண்டால், கேட்காமலேயே அடித்து வைப்பான். மெல்ல மெல்லப் பெண்களும் சைக்கிளில் வரத் தொடங்கினார்கள்: எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள், நர்ஸுகள், டீச்சர்கள். அவர்கள் இடிபடாமல் வண்டி எடுக்க வாசல் பக்கம் ஒரு வரிசையை ஒதுக்கிக் கொடுத்தான். வேலை முடிந்து தாயம்மா பஸ்ஸை விட்டு இறங்கும்போது, அவள் வண்டி வெளியே திரும்பி நிற்கும். பாயிடம் சொல்லிக்கொண்டு இருவரும் கிளம்புவார்கள்.

ஊருக்கும் மெயின்ரோட்டுக்கும் நடுவே ஓடை மணல் பரவிய ஒரு துண்டுப் பாதை உண்டு. இரண்டு பேரைச் சுமந்த வண்டி அதில் புதையும். அங்கே இருவரும் இறங்கி நடப்பார்கள். அவள் வண்டியைத் தள்ளுவாள். அவன் ஒரு கையில் தடியும் மறு கையில் கேரியருமாக வருவான். வீட்டில் அடுப்பும் துணியும் காத்திருக்கும், ரோட்டில் லாரி இரைச்சல் காதை அடைக்கும். பேசுவதற்கு அவர்களுக்கு அந்த மணல் பாதைதான் இருந்தது. சூப்பர்வைசரின் சிடுசிடுப்பு, மஹ்பூபாவின் உடம்பு, கூரையை மாற்றி ஓடு போடுவது, எல்லாம் அங்கேதான் பேசி முடிவாயின. ஒருநாள் உத்தமன், "என்னைக் கட்டிகினு நீ ரொம்ப மிதிச்சிட்டே" என்றான். "நீ கொஞ்சமா எளச்சா போதும், மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று அவள் சொன்னதும் அங்கேதான்.

தொண்ணூற்றாறில் அந்தப் பாதைக்குத் தார் போட்டார்கள். மறுநாள் காலை வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஓடை வந்ததும் தாயம்மா பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினாள்.

"இன்னாமே, செயின் கயண்டுகிச்சா?"

"இல்ல, எறங்கு. சொர்ணம் காலேஜிக்குப் போணும்ன்றா. வேலப்பன்சாவடில சேக்கச் சொல்றா. உன்னாண்ட கேக்க பயந்துகினு என்கிட்ட சொல்லிச்சு."

உத்தமன் இறங்கித் தடியை ஊன்றினான்.

"எனக்கு எதுக்கு பயப்படுது அது?" என்றான். "இன்னா படிக்குதாம்?"

தாயம்மா சொல்லத் தொடங்கினாள். புதுத் தார் பளபளக்க, வண்டியைத் தள்ளிக்கொண்டு இருவரும் மெயின்ரோட்டைப் பார்த்து நடந்தார்கள்.