மேட்டுக்கு ஏறாத குழாய்

ஹாஸ்கி மாமாவின் பாதி ஆயுள் தண்ணீர் ஏற்றுவதிலேயே போனது. வண்டியின் பின்னால் தொட்டியைக் கட்டிக்கொண்டு புழுதிச் சாலையில் முப்பது மைல் போவார். அவருக்கும் ஆடுகளுக்கும் மட்டுமல்ல, அதே மேட்டில் உள்ள தங்கை லவீனா வீட்டுக்கும் அவள் மகன் வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோக்கள் நாங்கள் ஆற்று நீர் உரிமை வழக்கை விட்டுக்கொடுப்பது, பதிலுக்கு அரசாங்கம் குழாய் போட்டுத் தருவது என்று பேச்சு முடிந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். எங்கள் இனத்தின் நீர்த்துறையில் வேலை. வாஷிங்டன் கணக்கை விளக்குவது என் பொறுப்பாயிற்று.

"செலவைக் குறைச்சாத்தான் அங்க நாடாளுமன்றத்துல ஓட்டு விழும் மாமா. அதனால ஒரு மேட்டுல மூணு வீட்டுலயாவது ஆள் குடியிருந்தாத்தான் கிளைக்குழாயாம்."

"வழக்க விட்டுக் குடுக்கிறோமே, அது அவனுக்கு மிச்சமில்லையா?"

"மிச்சந்தான். ஆனா கணக்குல செலவு முழுசா ஏறும். மிச்சத்தப் பேருக்குத்தான் எழுதுவாங்க."

"நம்ம ஆட்டை அவன் பட்டியில கட்டிக்கிட்டு, புல்லுக்கு நம்மகிட்டயே காசு கேக்குறான்! இதுக்காடா உன்னைப் படிக்க வெச்சோம்?"

மேட்டில் வீடுகள் மூன்றுதான். மூன்றாவது மாமாவுடையது. அதில்தான் அவர் மனைவி இறந்தார். பெயர் வேண்டாம், போனவர்களை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்கள் வழக்கப்படி வடக்குச் சுவரை உடைத்து அந்த வழியாக உடலை வெளியே எடுத்தார்கள். சாவு விழுந்த வீட்டுக்குள் போவது எங்களுக்கு ஆகாது; பிறகு யாரும் அந்த எட்டுமூலை மரவீட்டுக்குள் கால் வைக்கவில்லை. மாமா பக்கத்திலேயே ஒரு டிரெய்லரில் படுத்துக்கொண்டார். அதைச் சேர்க்க முடியுமா என்று மேலதிகாரியைக் கேட்டேன். சக்கரம் இருப்பது வீடாகாது என்றார்.

கணக்கெடுப்புக்கு முதல் நாள் லவீனா வந்தாள்.

"அண்ணே, அந்த ஓட்டையில நாலு பலகை அடி. அடுப்புல புகை வரட்டும். ஒரே ஒரு நாள். வர்றவன் காரை விட்டே இறங்கமாட்டான்."

"அடுப்ப மூட்டிட்டு நீ உள்ள உக்காருவியா?"

லவீனா வெடித்தாள். "என் மருமக பிள்ளையக் குளிப்பாட்டின தண்ணியிலதான் தரை துடைக்கிறா. உனக்கென்ன, செத்தவளுக்குத் தாகமா எடுக்குது?"

போனவர்களைப் பற்றி அப்படி யாரும் பேசக்கூடாது.

மறுநாள் காலை பலகைகளோடு அந்த வீட்டுக்குப் போனார். நான் தள்ளி நின்றேன். ஒரு பலகையை ஓட்டையில் சார்த்தி, சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பலகையைக் கீழே வைத்துவிட்டார்.

"அவ போன வழிய நானே அடைக்கவாடா?"

கணக்கெடுப்பவர் வந்தார். காரை விட்டு இறங்கவில்லை, லவீனா சொன்னபடியே. உடைந்த சுவரைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், போனார்.

வாஷிங்டனில் ஒப்பந்தம் நிறைவேறிய அன்று ஊர்க்கூடத்தில் ஆட்டுக்கறிக் குழம்பும் பொரித்த ரொட்டியுமாக விருந்து. மேட்டிலிருந்து யாரும் வரவில்லை. பெரிய குழாய் கீழே சாலையோரமாகவே போகிறது. மாமா இன்னும் தண்ணீர் ஏற்றுகிறார். அவர் வண்டிச் சத்தம் கேட்டால் லவீனா உள்ளே போய்விடுவாள். மருமகள்தான் பீப்பாய்களை நிரப்புவாள். போன மாதம் மகனும் மருமகளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குக் குடிபோனார்கள். இப்போது மாமாவே பீப்பாயை நிரப்பி, மூடி, லவீனாவின் கதவைத் தட்டாமல் திரும்புகிறார். இனி எந்தக் கணக்கெடுப்பு வந்தாலும் அந்த மேட்டில் ஆள் குடியிருக்கும் வீடு ஒன்றுதான்.