நீல மாத்திரையும் முப்பது நாள் படிவமும்

மருந்துக்கடைக்காரன் டுவேன் ஹாஃப்மெயர் புட்டியை இந்தப் பக்கம் தள்ள, ரோவீனா விஷ்னெவ்ஸ்கி அதை அந்தப் பக்கம் தள்ளினாள்.

"இது என்னோடது இல்ல."

"உங்க பேர்தானே ஒட்டியிருக்கு?"

"பேரு என்னோடது. மாத்திரை எவளோடதோ. என்னோடது நீலம். இது வெள்ளை."

"ஜனவரிலேர்ந்து உங்க இன்ஷூரன்ஸ் பிராண்ட் மாத்திரைக்குக் குடுக்கறதில்ல. இது ஜெனரிக். உள்ள இருக்கறது அதே மருந்துதான். பின்னால ஆளுங்க நிக்கறாங்க, மேடம்."

எட்டுப் பேர் நின்றோம். பிப்ரவரி மாதத்து டொலீடோவில், சப்பாத்தில் பனி உருகிக்கொண்டிருக்க மருந்துக்கடை வரிசையில் நிற்பவரிடம் கருணையை எதிர்பார்க்கக் கூடாது. யாரோ இருமினார்கள். அது சளி இருமல் இல்லை. ரோவீனா வெள்ளைப் புட்டியை எடுத்துக்கொண்டு, கதவை அறைந்து சாத்தப் பார்த்தாள். அது தானாக மூடும் கதவு. அதன் இஷ்டத்துக்கு மெதுவாகத்தான் மூடியது.

ரோவீனாவுக்கு நாற்பத்து நான்கு வயது. கவனம் ஓரிடத்தில் உட்காராத அவளுடைய கோளாறுக்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் இருப்பதை முப்பத்தெட்டாம் வயதில்தான் ஒரு டாக்டர் சொன்னார். அதற்கு முன்பும் பெயர்களுக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடத்தில் சோம்பேறி. முதல் கணவன் வீட்டில் பொறுப்பில்லாதவள். இரண்டாவது கணவன் வீட்டில், முதல் கணவன் சொன்னது சரிதான். நீல மாத்திரை வந்த பிறகு எங்கள் பள்ளி பஸ் டிப்போவில் வயர்லெஸ் நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. நாற்பத்தொரு பஸ்கள், நான் ஓட்டியது பதினேழாம் எண். எந்தத் தெருவில் பனி அள்ளவில்லை, எந்தப் பிள்ளை இன்று அம்மா வீட்டில் இறங்காமல் அப்பா வீட்டில் இறங்க வேண்டும், எல்லாம் வயர்லெஸ்ஸில் அவள் குரலில் வரும். வாழ்க்கையில் அவள் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்தது அந்த மேசையில் மட்டும்தான்.

வெள்ளை மாத்திரை காலை பத்து மணிக்கு அவள் நெஞ்சைப் படபடவென்று அடிக்கவைத்தது. மதியம் ஒரு மணிக்கெல்லாம் விடைபெற்றுக்கொண்டது. பள்ளி விடுவதோ இரண்டே முக்காலுக்கு.

இதில் ஒரு தொந்தரவு, அதே வெள்ளை மாத்திரையைத்தான் எங்கள் மெக்கானிக் லைலும் விழுங்கினான். சாயங்காலம் வரை எஞ்சினை விட்டு நகராமல் வேலை பார்த்தான்.

"எனக்கு ஜம்முனு இருக்கு, ரோ. உனக்குக் கலர்தான் பிரச்சினை" என்றான்.

அவன் பக்கமாக ஒரு ஸ்பேனர் பறந்தது என்று டிப்போவில் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, குனிந்திருந்தேன்.

அடுத்த வாரமே ரோவீனா இரண்டு பஸ்களை ஒரே பள்ளிக்கு அனுப்பினாள். பஸ் வராத பள்ளியின் பிள்ளைகள் நாற்பது நிமிடம் பனியில் நின்றார்கள். சூப்பர்வைசர் கர்டிஸ் வான் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வயர்லெஸ்ஸ வச்சிட்டு பஸ் கூட்டப் போயிரு, ரோ. நான் சிரிக்கல பாத்துக்க."

அவன் என்றைக்குமே சிரித்ததில்லை. ரோவீனா இன்ஷூரன்ஸுக்குப் போன் போட்டாள். ஒரு மணி நேரப் பியானோ இசைக்குப் பிறகு மார்சி என்ற தேன்குரல் வந்தது.

"நீலம்தான் வேணும்னா விதிவிலக்குப் படிவம் அனுப்பணும், ஹனி. ஜெனரிக் சாப்பிட்டா எப்படி இருக்குன்னு முப்பது நாளைக்கு, மணிக்கு மணி எழுதணும். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் திருப்பி அனுப்பிருவோம்."

"கட்டத்த நிரப்ப முடியலேங்கறதுதானம்மா என் வியாதியே!"

"அதையும் ஒரு கட்டத்துல எழுதிருங்க, ஹனி."

இந்தப் படிவத்தைத் தயாரித்தவர் ஏ.டி.எச்.டி. உள்ள ஒருவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்று அப்போது நினைத்தேன். தப்பு. மிக நன்றாகப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

முதல் மாதப் படிவத்தை அவள் இரண்டு முறை தொலைத்தாள். கடைசியில் அது ஃப்ரீசரில், பியரோகி கொழுக்கட்டைப் பொட்டலத்துக்கு அடியில் விறைத்துக் கிடந்தது. அனுப்பினாள். இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள் காலி என்று திரும்பி வந்தது. யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு அதை எண்ணியிருக்கிறார்கள்.

இரண்டாவது மாதம் அவளுக்கு யோசனை வந்தது. வேலையில்லாத நாட்களில் விழுங்காமல் விட்ட ஆறு நீல மாத்திரைகள் இருமல் மிட்டாய் டப்பாவில் இருந்தன. வாரம் முழுக்க வெள்ளையை விழுங்கினாள். பட்டதையெல்லாம் மணிக்கட்டிலும் நாப்கினிலும் கிறுக்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஒரு நீலத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அத்தனையையும் படிவத்தில் ஏற்றினாள். மூன்று நிற மை. ஓரத்தில் வரைபடம். அடியில் விளக்கக் குறிப்பு. ஐந்து ஞாயிறுகளில் ஒரு கட்டம்கூட மிச்சமில்லை. அந்த மாதம் ஓட்டுநர்கள் நாங்கள் அவள் சொன்ன தெருவுக்குப் போகவில்லை. போக வேண்டிய தெருவுக்குப் போனோம். கர்டிஸுக்குத் தெரியாது.

பதில் வந்தது. 'படிவம் மிகச் சிறப்பாக நிரப்பப்பட்டுள்ளது. ஜெனரிக் மருந்தில் உறுப்பினரின் கவனம் நல்ல நிலையில் இருப்பது இதனால் தெளிவாகிறது. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

"அத நீலத்தப் போட்டுக்கிட்டு எழுதினேன்டி!" என்று போனில் கத்தினாள் ரோவீனா.

மார்சி எதையோ தட்டெழுதும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்படீன்னா முப்பது நாளும் செல்லாது, ஹனி. முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருங்க."

இனி ஒரு மாதம் அவள் தப்புகளை எங்களால் மூடி மறைக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். அன்றைக்கே மருந்துக்கடைக்குப் போய், மிச்சமிருந்த ஒரே நீல மாத்திரையை டுவேன் முன்னால் வைத்தாள்.

"கம்ப்யூட்டரப் பாக்காத. என்னையும் பாக்க வேணாம். இதப் பாரு."

டுவேன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தான். இத்தனை மாதத்தில் முதல் தடவை.

"இது ஜெனரிக்லயும் வருதே."

"எது?"

"இதேதான். அதே கம்பெனி, அதே மெஷின், அதே நீலம். டப்பாவுல பிராண்ட் பேரு மட்டும் இருக்காது. ஜெனரிக்னு வர்றதால இன்ஷூரன்ஸ் வாயத் தொறக்காது. வியாழக்கிழமைக்கு வரவழைச்சிரலாம்."

ரோவீனா அந்த மாத்திரையைத் திரும்ப மிட்டாய் டப்பாவில் போட்டு மூடினாள்.

"இத்தன மாசமா இத ஏன்யா சொல்லல?"

"பழைய பிராண்ட் மாத்திரையையே குடுன்னு மாசா மாசம் கத்தினீங்க. பிராண்ட் கிடையாது, அதனால இல்லேன்னேன். வேற ஜெனரிக் எது இருக்குன்னு நீங்க கேக்கவே இல்லியே, மேடம்."

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்கு என் பஸ்ஸில் வயர்லெஸ் கரகரத்தது. "பதினேழு, லாக்ரேஞ்ச் தெருவுல லாரி குறுக்க நிக்குது. பின் சந்து வழியா போ. அப்பறம் அந்தச் செகப்புத் தொப்பிப் பொண்ணு இன்னிக்கு அப்பா வீடு." அவள் சொன்னபடியே போனேன். கர்டிஸ் அவள் மேசைப் பக்கமே வரவில்லை.

டுவேனுக்கு அவள் நன்றி சொல்லவில்லை. மருந்து ரசீதின் அடியில் 'எங்கள் சேவை எப்படி?' என்று ஒரு படிவம் இருக்கும், நாற்பது கட்டங்கள், எங்கள் ஊரில் யாரும் அதை நிரப்பிப் பார்த்ததில்லை. ரோவீனா நாற்பதையும் மூன்று நிற மையில் நிரப்பி, கடையின் தலைமை அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் செய்தாள். 'வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?' என்ற கடைசிக் கட்டத்துக்கு ஆறு பக்கம் தனியாக இணைத்திருந்தாள்.