களையெடுக்கப் போன வயர்லெஸ்காரன்

ஈயக் கம்பி உருகும்போது எழும் புகைக்கு ஒரு பிசின் வாசம் உண்டு. அது எங்கே மூக்கில் பட்டாலும் எனக்குப் புதூர்நாட்டு மலைதான் முதலில் வருகிறது. தூறல், வழுக்குப் பாறை, ஈரத்தில் மின்னும் இரும்புக் குழாய்கள்.

எண்பதுகளின் நடுவில், ஒரு ஆவணி மாதம். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்து, சென்னையில் வயர்லெஸ் கருவி பொருத்தித் தரும் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தேன். இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருவன்தான். காட்டுத்தீ பற்றினால் அடிவாரத்துக்குச் செய்தி சொல்ல, மலை உச்சியில் ஒரு ஏரியல் கம்பம் நட வேண்டும். திங்கட்கிழமை வனத்துறை அதிகாரியை அழைத்து வருவேன், அதற்குள் வயர்லெஸ் செட் பேசினால் வேலை உறுதி, இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை காலை ஜீப் ஊரோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. குழாய், பாட்டரி, கயிறு எல்லாவற்றையும் இறக்கிவிட்டு டிரைவர் திரும்பிப் போய்விட்டார். கூலிக்கு ஆள் பிடித்துக்கொள்ளலாம் என்று வந்தவன் நான். ஒருவரும் வரவில்லை. கூலியை ஏற்றிச் சொன்னேன். அப்போதும் வரவில்லை.

தூறலுக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போன ஒரு அக்கா மட்டும் நின்றார்.

“எல்லாரு சாமையிலயும் களை ஏறிக்கிச்சி தம்பி. உன் துட்டத் தூவுனா செத்துப்பூடுமா?”

“திங்கக்கெழம கம்பம் நிக்கலன்னா என் வேல போய்டும்க்கா.”

“அப்ப நீ களைக்கு வா. இன்னிக்கி என் கொல்ல. வூட்டுக்கு ஒரு ஆளு வருவாங்க. நாளைக்கி உன் வேலன்னு சொல்லு, உனக்கும் வருவாங்க.”

அந்த ஊரின் நடைமுறை அது. உழவோ களையோ கூரை வேய்வதோ, ஒரு வீட்டு வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் இறங்குவார்கள். அடுத்த நாள் அடுத்த வீடு. காசுக்கு அதில் இடமே இல்லை. இருக்கும் இரண்டு நாளில் ஒன்றைக் கொடுப்பதா? குழாய்களைப் பார்த்தேன். உச்சியைப் பார்த்தேன். பேண்டைச் சுருட்டிக்கொண்டு அக்காவின் சாமைக் கொல்லையில் இறங்கினேன்.

சாமைப் பயிரும் புல்லும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன.

“அக்கா, சாரு களைய வுட்டுட்டு சாமையப் புடுங்கறாரு. இப்பிடியே போனா அறுப்பு வேல மிச்சம்” என்றான் பக்கத்து வரிசை இளைஞன். கொல்லையே சிரித்தது.

“அவரு வேரோட புடுங்கறாரு. நீ நுனியக் கிள்ளிக்கினு வர்ற. உன் வேலயப் பாரு” என்றார் அக்கா, நிமிராமலே. இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நானும்தான்.

ஞாயிறு விடிந்ததும் வந்துவிட்டார்கள், வீட்டுக்கு ஓர் ஆளாக. குழாய்கள் தோளேறின. சும்மாடு வைத்துப் பாட்டரியைத் தூக்கிக்கொண்டார் அக்கா. உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. நாலு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்க, சாய்ந்தும் நிமிர்ந்தும் கம்பம் கடைசியில் நேராக நின்றது. ஒயரை ஈயத்தால் பற்றவைக்க வேண்டும், அந்த இரும்பைச் சூடாக்கக் கரண்ட் இல்லை. என்னைக் கிண்டல் செய்த அதே இளைஞன் சுள்ளி மூட்டி, தூறல் படாமல் தன் கொங்காணியை விரித்துப் பிடித்தான். அந்த நெருப்பில் இரும்பைக் காய்ச்சித்தான் ஈயம் வைத்தேன். திங்கட்கிழமை அதிகாரியின் முன்னால் செட் கரகரத்தது, பிறகு தெளிவாகப் பேசியது. என் வேலை நிலைத்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. என்னைவிட இளையவர்கள் நடுவில், ஒரு வரி புரோகிராம் தெரியாமல் முழித்தேன். பக்கத்து மேஜைக்காரர் பிரின்டரோடு மல்லாடுவதைப் பார்த்து, என் வேலையை ஒதுக்கிவிட்டு அவரோடு உட்கார்ந்தேன். மறுநாளிலிருந்து அவர் என்னோடு உட்கார்ந்தார். நான் கற்றதெல்லாம் அப்படித்தான். எந்தக் கோர்ஸ் படிக்கலாம், எந்தக் கம்பெனிக்குத் தாவலாம் என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம், படிப்பைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, உன் பக்கத்தில் திணறுகிறவன் யார் என்றும் கேட்கிறேன். சிலர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நானும் அன்று உச்சியைப் பார்த்தவன்தானே. வாழ்க்கையில் நான் எழுந்து நின்ற ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் ஒரு பக்கத்துக் கயிற்றைப் பிடித்திருந்தார் என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை, திரும்பிப் போக ஜீப்பில் ஏறிவிட்ட மேனேஜர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, கொல்லைக்குக் கிளம்பிய அக்காவிடம் ஓடினேன்.

“உங்க ஒரு கொல்லயிலதான்க்கா களையெடுத்தேன். மத்த வூட்டுக்கெல்லாம் போகவே இல்லயே.”

“நீ இன்னா, இங்கயா இருக்கப் போற? போற எடத்துல எவனாவது ஆளு பத்தாம நிப்பான். அவன் கொல்லைக்குப் போ.”