எழுந்திரிக்கிற படமும் வேண்டும்

எண்பதுகளில் ஒரு வீடியோ கேம் வந்தது. மலைப்பாதையில் ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவான். பின்னாலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும். முதுகும் ஹெல்மெட்டும்தான் தெரியும். ஆடினவர்கள் எல்லாரும் அவனை ஆம்பிளை என்றே நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அது நான்தான். மலேசியாவில், கேமரன் மலையில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை. இதைச் சொன்னால் இன்று என் வீட்டிலேயே ஒருத்தரும் நம்புவதில்லை. மருமகன் மட்டும் மரியாதைக்குத் தலையாட்டுவார்.

அந்த விளையாட்டில் வரும் மோட்டார் சைக்கிள் என் அண்ணனுடையது. சின்ன கப்சாய் வண்டி இல்லை, பெரிய மோட்டார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும், லைசென்ஸ் எடு எடு என்று உயிரை வாங்கி எடுக்க வைத்தவனும் அவன்தான். ஒரு மழை நாளில், தோட்டத்திலிருந்து தானா ராத்தா டவுனுக்குப் போகிற வழியில் ஒரு வளைவில் சறுக்கி விழுந்தான். ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்து, கண் திறக்காமலே போய்விட்டான். மோட்டாருக்கு ஒரு கண்ணாடி மட்டும்தான் உடைந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா மாரியாத்தாவுக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து மோட்டாரின் கைப்பிடியில் கட்டினாள். அவன் போன பிறகு அந்த முடிச்சை அவிழ்க்கவும் இல்லை, கோயில் பக்கம் போகவும் இல்லை. மோட்டாரை லயத்து வீட்டுக்குப் பின்னால் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினாள். சாவியைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. தீபாவளிக்கு வருவார், "அம்மா சொல்றதக் கேளு" என்பார், போய்விடுவார்.

எனக்கு அந்தச் சாவி வேண்டும். டவுனில் சாயங்கால டைப்பிங் கிளாஸ் நடந்தது. அதை முடித்தால் ஏதாவது ஓர் ஆபீசில் உட்காரலாம், கூடை சுமக்க வேண்டாம். ஆனால் கிளாஸ் விடுவதற்குள் கடைசி பஸ் போய்விடும். ஒவ்வொரு ஜனவரியிலும், கிளாசுக்குப் பேர் கொடுக்கிற சமயத்தில் கேட்டுப் பார்ப்பேன்.

"சாவியக் குடும்மா. மெதுவாத்தான் போவேன்."

"அவனுந்தான் மெதுவாப் போறேன்னு சொல்லிட்டுப் போனான்."

வாயாடி என்று தோட்டம் முழுக்கப் பேர் எடுத்தவள் நான். அதைக் கேட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் கோலாலம்பூரிலிருந்து இரண்டு சீன இளைஞர்கள் எங்கள் வீடு தேடி வந்தார்கள். ஒருவன் மூக்குக்கண்ணாடி போட்டவன், இன்னொருவன் நல்ல குண்டு. கம்ப்யூட்டரில் விளையாட்டு செய்கிறார்களாம். மலைப்பாதையையும் தேயிலைச் சரிவையும் கேமராவில் பிடித்தாயிற்று, இனி ஒரு மோட்டாரும் அதன்மேல் ஓர் ஆளும் வேண்டும் என்றார்கள். மனசில் நினைத்து வரைந்து பார்த்தார்களாம். மோட்டார்மேல் அரிசி மூட்டையை வைத்த மாதிரி வந்ததாம். யாரோ எங்கள் தார்ப்பாயைக் காட்டிவிட்டிருக்கிறார்கள்.

அம்மா எடுத்த எடுப்பில் முடியாது என்றுவிட்டாள். கண்ணாடிக்காரன் மலாயில் கெஞ்சினான். ஓட்ட மாட்டோம், எஞ்சினைத் தொட மாட்டோம், நிறுத்தி வைத்துப் படம் மட்டும்தான் என்றான். தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் இரண்டு டயரிலும் காற்று இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அம்மா கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"சரி லா. ஆனா சாவி குடுக்க மாட்டேன். அது எடத்த விட்டு நகரக் கூடாது."

தேயிலை அடைக்கிற பலகைப் பெட்டிகளை ஃபேக்டரியில் கேட்டு வாங்கி வந்து, மோட்டாரை அதன்மேல் ஒருக்களித்துச் சாய்த்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். குண்டன் ஏறினான், ஒரு பெட்டி நொறுங்கியது. கண்ணாடிக்காரன் ஏறினான். வளைவில் சாய்ந்து போகிறவன் மாதிரி இருக்க வேண்டிய ஆள், பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி விறைத்துக்கொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை. "அட, எறங்குய்யா!" என்று தமிழிலேயே விரட்டிவிட்டு நான் ஏறினேன். அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி முழங்காலை டாங்கியோடு ஒட்டி, உடம்பைச் சாய்த்து, கண்ணைப் பாதையில் வைத்துக் காட்டினேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீயே உட்காரேன் என்றார்கள்.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"நகராதுல்ல?" என்று கேட்டாள்.

"நகராதும்மா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் முகத்துக்குப் பவுடர் போட்டு, கண்ணுக்கு மை எழுதி, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு போய் நின்றேன். அவர்கள் ஒரு கறுப்பு ஜாக்கெட்டை மாட்டி, தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்தார்கள். முதுகு மட்டும் போதுமாம்! எடுக்கிற படத்தைக் கட்டம் போட்ட தாளில் ஏற்றி, கட்டம் கட்டமாகக் கலர் அடித்து, அப்புறம் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவார்களாம். மூக்கைக் காட்டினால்கூட அதற்கு ஒரு கட்டம் தேறாது என்றான் கண்ணாடிக்காரன். இந்த லட்சணத்துக்கு எனக்கு எதற்குக் கண்மை?

கைப்பிடியில் தொங்கிய மஞ்சள் முடிச்சு மறைக்கிறது என்று குண்டன் அவிழ்க்கப் போனான். ஓரமாக நின்ற அம்மா ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அவன் கையை உதறிக்கொண்டு பின்னால் போனான். முடிச்சு இருந்த இடத்திலேயே இருந்தது.

நேராக, கொஞ்சம் சாய்ந்து, ரொம்பச் சாய்ந்து என்று மத்தியானம் வரைக்கும் எடுத்தார்கள். கடைசியில், விழுந்து கிடக்கிற படம் ஒன்று வேண்டும் என்றான் கண்ணாடிக்காரன். ஆடுகிறவன் தப்புப் பண்ணினால் மோட்டார் கவிழ்ந்து ஆள் தரையில் கிடக்க வேண்டுமாம். நல்லவேளை, அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கலக்க உள்ளே போயிருந்தாள். அவள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று சட்டென்று புல்லில் படுத்துவிட்டேன். ஒரு கை அப்படி, ஒரு கால் இப்படி.

கேமரா சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதே அம்மா தட்டோடு வந்துவிட்டாள். தட்டை அவள் தவறவிடவில்லை. பெட்டிமேல் பத்திரமாக வைத்தாள். அவள் முகத்தை நான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பார்த்தேன். ஈப்போவில், டாக்டர் வெளியே வந்தபோது பார்த்த அதே முகம். ஐயோ, ஏன்தான் படுத்தேனோ என்று இருந்தது.

விவரம் தெரியாத கண்ணாடிக்காரன், முடிந்தது என்று கேமராவைப் பைக்குள் வைத்தான்.

"என்னய்யா முடிஞ்சது?" என்று அம்மா பாய்ந்தாள். "வயசுப் புள்ளய வடக்கால தல வெச்சு, பொணமாட்டம் படுக்க வெச்சுப் படம் புடிச்சிட்டு, முடிஞ்சதாம்ல! எந்திரிக்கிற படம் எங்க?"

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா மலாய்க்கு மாறினாள். "பாங்ஙுன்! பாங்ஙுன்!" எழுந்திரு, எழுந்திரு என்று தரைக்கும் வானத்துக்குமாகக் கையைக் காட்டினாள். நான் எடுத்துச் சொன்னேன். கண்ணாடிக்காரன் தலையைச் சொறிந்தான். விளையாட்டில் விழுந்தவன் மறைந்துவிடுவான், புதிதாக ஒருவன் ஓட்டிக்கொண்டு வருவான், எழுந்திரிக்கிற படமே தேவையில்லை என்றான்.

"மறைஞ்சிருவானா? அதெல்லாம் எனக்குத் தெரியாது. விழுந்த புள்ள எந்திரிக்கணும். அதப் புடிக்காம யாரும் எங்கயும் போக முடியாது."

சொல்லிவிட்டு அவன் கேமராப் பையை எடுத்து, கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவன் என்ன செய்வான், பாவம். கெஞ்சிக் கேமராவை வாங்கி மறுபடி எடுத்தான். அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள்.

"மொதல்ல கைய ஊணு. அவசரப்படாத. இப்ப முட்டிய மடக்கு. ம்... மெதுவா... எந்திரிச்சிட்டியா? மண்ணத் தட்டு."

நான் நின்று பின்பக்கத்து மண்ணைத் தட்டினேன். அதையும் எடுத்தார்கள். அம்மா தேத்தண்ணியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சாயங்காலம் வரைக்கும் வெளியே வரவில்லை.

அடுத்த வருஷக் கடைசியில் கண்ணாடிக்காரனிடமிருந்து தகவல் வந்தது. விளையாட்டு முடிந்துவிட்டது, தானா ராத்தா காப்பிக் கடையில் காசு போட்டு ஆடுகிற பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள் என்று. அம்மா வர மாட்டாள் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு எனக்கு முன்னால் போய் நின்றாள்.

இருபது காசு போட்டேன். இரண்டு பக்கமும் பச்சைப் பட்டை பட்டையாகத் தேயிலை, நடுவில் ரோடு, அதில் என் முதுகு. கைப்பிடியில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி. அம்மா விரலால் அதைத் தொட்டாள். மற்றவர்கள் அதைச் சிக்னல் லைட் என்று நினைத்திருப்பார்கள்.

நிஜ மோட்டார் ஓட்டத் தெரிந்த எனக்கு அந்தப் பெட்டியை ஓட்ட வரவில்லை. முதல் வளைவிலேயே கவிழ்ந்தேன். திரையில் அந்த உருவம் கையை ஊன்றியது, முட்டியை மடக்கியது, எழுந்து மண்ணைத் தட்டியது. மோட்டாரில் ஏறிப் போயிற்று. சேர்த்துவிட்டார்கள்!

"எந்திரிச்சிருச்சு பாருடி!" என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மறுபடியும் விழுந்தேன், அது மறுபடியும் எழுந்தது. அடுத்த தடவை விழுந்தபோது மட்டும் அப்படியே கிடந்தது. அதன்மேல் ஏதோ எழுத்து வந்தது.

"ஏன் எந்திரிக்கல?"

"அவ்வளவுதாம்மா. இன்னும் காசு போட்டாத்தான்."

அம்மா சுருக்குப்பையை அவிழ்த்தாள். சில்லறையோடு அண்ணனின் சாவியும் இருந்தது. ஒரு காசை எடுத்து அவளே போட்டாள். அது திரும்ப வந்தது, விழுந்தது, எழுந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இருவது காசுக்கு எந்திரிக்குது," என்றாள். "அந்த ஆத்தாகிட்ட நான் என்னென்ன குடுக்கிறேன்னு சொன்னேன் தெரியுமாடி?"

காப்பிக் கடை என்றும் பார்க்காமல் அழுதாள். அண்ணன் செத்த வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. நானும் அழுதேன். கடைக்காரர் காசு கேட்காமல் இரண்டு காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி வந்தது. அந்த வருஷம் நான் சாவி கேட்கவில்லை, கேட்க மனசு வரவில்லை. ஒரு நாள் விடிந்து பின்பக்கம் போனால் தார்ப்பாய் இல்லை. மோட்டாரைக் கழுவித் துடைத்து விபூதி பூசியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஏற்கெனவே டயருக்குக் காற்று அடித்து, எஞ்சினையும் பார்த்துக் கொடுத்திருக்கிறார், எனக்குத் தெரியாமல். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். கைப்பிடியில் வெளுத்துப்போன பழைய முடிச்சுக்குப் பக்கத்தில், பளிச்சென்று புதிதாக ஒரு மஞ்சள் முடிச்சு. சாவி மோட்டாரிலேயே செருகியிருந்தது.

"எடு," என்றாள். "கிளாசுக்குப் பேரு குடுக்கணும்ல. நானும் வரேன்."

சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி என் இடுப்பைப் பிடித்தாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். பனி இன்னும் விலகவில்லை, ரோடு ஈரமாக இருந்தது. அண்ணன் விழுந்த அந்த வளைவு வந்தது. அவள் கை இறுகுவது தெரிந்தது. நான் வேகத்தைக் குறைத்து, ஓரங்கட்டி நிறுத்தப் பார்த்தேன்.

"எதுக்குடி நிறுத்துற?" என்றாள் என் காதுக்குப் பின்னாலிருந்து. "போ."