குளிர் கேட்ட செடி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் கிடையாது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் குடியிருந்த கீழ்த்தள வீட்டின் பின்பக்கம் ஒரு துண்டுச் சீமெந்து நிலம், குப்பைத் தொட்டி, உடுப்புக் காயப்போடும் கொடி, அவ்வளவுதான். அந்தச் சீமெந்தில் இரண்டு பெரிய சாடிகளை வைத்து என் மனைவி பிளாக்கரண்ட் என்ற புளிப்புப் பழச் செடி வளர்த்தாள். ஒரு குழந்தையை உள்ளே இருத்திக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிய சாடிகள்.

அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தாள். அங்கே தோட்டத்தில் பழுத்திருந்ததை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "எங்கட பழப்புளி இதுக்குக் கிட்ட நிக்காது" என்றாள். அடுத்த சனிக்கிழமை இரண்டு தடிகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். இலை இல்லை, பூ இல்லை, அடுப்பு மூட்டக்கூடக் காணாத தடிகள்.

"இதையோ பஸ் ஏத்திக்கொண்டு வந்தனீர்?" என்று கேட்டேன்.

"இருந்து பாருங்கோ" என்றாள்.

இரண்டாவது ஜூலையில் கொத்துக் கொத்தாகப் பழம். வெள்ளைக்காரர் ஜாம் காய்ச்சுவார்கள். இவள் அதைப் பிசைந்து மீன் குழம்பில் புளிக்குப் பதிலாக விட்டாள். மைப்போத்தலைக் கவிழ்த்த நிறத்தில் ஒரு குழம்பு. "இதைத் தொட்டுக் கடிதம் எழுதலாம்" என்று பகிடி பண்ணிவிட்டு, இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூலையும் அந்தக் குழம்பு வைத்தாள், ஒவ்வொரு ஜூலையும் நான் அதே பகிடியைச் சொன்னேன்.

அந்தச் செடியால் எங்களுக்குள் வருடத்துக்கு ஒரு சண்டையும் உண்டு. குளிர் தொடங்கியதும் லண்டன் தமிழர் வீடுகளில் நடக்கிற முதற்காரியம் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுப்பது. கைப்பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்போம். நாங்கள் பனியில் நடுங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போவோம், கறிவேப்பிலைக்குக் குளிர் படக்கூடாது. அவளும் அதை உள்ளே எடுப்பாள். ஆனால் பிளாக்கரண்டை வெளியே விட்டுவிடுவாள். பனி மூடி அந்தத் தடிகள் வெள்ளையாக நிற்கும்போது எனக்கு ஆத்திரம் வரும்.

"ஒரு பிள்ளை உள்ளுக்கு, மற்றப் பிள்ளை வெளியில. உமக்கு ஓரவஞ்சகம்."

"அது இந்த ஊர்ப் பிள்ளை. அதுக்குக் குளிர் வேணும். நீங்கள் கை வையாதேங்கோ."

குளிர் கேட்கிற செடியும் உலகத்தில் உண்டோ என்று சிரித்தேன். அவள் சொன்னதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். ஏனென்றால் அவளுக்குப் பொய் வராது. ஒரு விருந்துக்குப் போய், சாப்பாடு எப்படி என்று வீட்டுக்காரி கேட்டால், "உப்புக் கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வருகிறவள். அவளைக் கூட்டிக்கொண்டு நாலு இடத்துக்குப் போகவே எனக்குப் பயம்.

அவளுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தது ஓர் இலையுதிர் காலத்தில். நவம்பரில் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். வருத்தம் மாற்ற டாக்டர்மார் இருந்தார்கள், பராமரிக்கத் தாதிமார் இருந்தார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து குசினி யன்னலால் அந்தச் சாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பனி கொட்டப்போகிறது என்று வானொலியில் சொன்னார்கள். அவளுக்கென்று என்னால் செய்யக்கூடிய ஒன்று இதாவது இருக்கிறதே என்று பட்டது. பழைய கம்பளம் ஒன்றைச் சாடிக்குக் கீழே விட்டு, அங்குலம் அங்குலமாக இழுத்து, இரண்டையும் முன்னறை ஹீட்டருக்குப் பக்கத்தில் சேர்த்தேன். ஒரு கிழமை இடுப்பு நிமிரவில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு பெருமை.

பெப்ரவரியில், ஊரெல்லாம் மரங்கள் மொட்டையாக நிற்க, என்னுடைய தடிகளின் நுனியில் பச்சை இலை விட்டது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"பாரும், உம்மட பிள்ளையளை. நீர் வெளியில விட்டு வதைச்சதுகள்."

அவள் போனை வாங்கினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தாள். இலைக்குப் பின்னால் ஹீட்டரும் தெரிந்தது.

"வடிவா வந்திருக்கு" என்று போனைத் திருப்பித் தந்தாள். "உங்களுக்கு இடுப்பு நோகேல்லையோ?"

ஏப்ரலில் வீட்டுக்கு விட்டார்கள். இனி மருந்தில்லை என்றுதான் விட்டார்கள், அது எங்கள் இருவருக்கும் தெரியும். மருந்துகள் அவளுடைய நாக்கைச் சாகடித்திருந்தன. சோறு மண் மாதிரி, பால் சுண்ணாம்பு மாதிரி என்றாள்.

"ஒண்டும் ருசிக்குதில்லை. அந்தப் புளியில ஒரு கறண்டி குழம்பு குடிச்சால் வாய் திறக்கும் போல கிடக்கு" என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். சட்டன் என்ற பக்கத்து ஊரில் இருக்கும் மகள் அதை எனக்குச் சொன்னாள். இது போதாதா? சாடிகளை மறுபடி வெளியே வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன், உரம் போட்டேன். ஒரு பூ வரவில்லை. மே முடிந்தது, பூ இல்லை. கடைகளில் தேடினால் பிளாக்கரண்ட் ஜூஸ் போத்தல்தான் கிடைத்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிக்குது" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் அவளைக் கதிரையில் இருத்தி வெளியே கொண்டுவந்தேன். இலைகளைப் பிரட்டிப் பார்த்தாள். நான் அழுகிற நிலையில் நின்றேன்.

"என்ன பிழை விட்டன் எண்டு விளங்கேல்லை" என்றேன்.

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை. சில வருசம் இது காய்க்காது. மரத்துக்கும் களைக்கும்தானே, ஆறட்டும்."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். ஜூலையில் போய்விட்டாள்.

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு அவள் விரும்பிச் சாப்பிட்டதெல்லாம் சமைத்துப் படைத்தோம். மீன் குழம்பும் இருந்தது. எங்கள் ஊர்ப் பழப்புளி விட்ட குழம்பு.

செப்டம்பரில் சாடிக்குப் புது மண் வாங்கச் செடிக்கடைக்குப் போனேன். அங்கே நின்ற பெண்ணிடம், பிளாக்கரண்ட் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை காய்க்காமல் ஆறும் என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். குளிர்காலத்தில் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். கிழமைக்கணக்கில் நல்ல குளிர் பட்டால்தான் அது பூக்கும், சூட்டில் வைத்தால் இலைதான் வரும் என்றாள். எத்தனையோ பேர் இப்படிச் செய்கிறார்கள், கவலைப்படாதீர்கள் என்றும் சொன்னாள். மண்பையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்தேன். மூன்று பஸ்கள் போயின. ஆஸ்பத்திரியில் என் மனைவி விரலால் பெரிதாக்கிப் பார்த்த படம் கண்ணுக்குள் நின்றது. இலையை மட்டும் பார்க்க அவ்வளவு நேரம் எதற்கு?

அந்தக் குளிர்காலம் சாடிகள் வெளியே நின்றன. ஒரு காலை, தடிகள் உறைந்து கண்ணாடிபோல நிற்பதைப் பார்த்த மகள், "அப்பா, பாவம், உள்ளுக்கு எடுப்பமே?" என்றாள். "தொடாதை!" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோனாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்தேன், காரணத்தைச் சொல்லவில்லை. அவளுடைய அம்மா சொல்லாமல் விட்டதை நான் எந்த வாயால் சொல்வது.

வசந்தத்தில் பூத்தது. ஜூலையில், கிளை தாங்காமல் பழம். முதலாம் வருட ஆட்டைத் திவசம் முடிந்த மறுநாள், ஆட்கள் போன பிறகு, மீன் வாங்கி வந்து நானே குழம்பு வைத்தேன். மீன் உடைந்துவிட்டது, உப்பும் கூடிவிட்டது. நிறம் மட்டும் சரியாக வந்தது. ஒரு கிண்ணத்தில் எடுத்து அவளுடைய படத்துக்கு முன்னால் வைத்தேன்.

"நான்தானப்பா அதுகளை உள்ளுக்கு எடுத்துக் கெடுத்தனான்" என்று அவளுக்குச் சொன்னேன்.

சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. அவளுக்குப் பெப்ரவரியிலேயே தெரியும்.