மருந்தில்லாத போத்தல்கள்

குப்பிக்குள் உப்பை நிறுத்துப் போட்டு, மூடியை இறுக்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குகிறாள் சுபாஜினி. கரகரப்பு அடங்கினால் உப்புக் கரைந்துவிட்டது என்று கணக்கு. குலுக்குவதற்கென்றே மேசையில் ஒரு மெசின் இருக்கிறது. அதை அவள் நம்புவதில்லை. "கறிக்கு உப்பு கூடினா எங்கண்ணன் கத்துவாரு. இதுக்குக் கூடினா நிமலன் சேர் கத்துவாரு. ரெண்டு பேருக்கும் நாந்தானே பதில் சொல்லணும்" என்பாள்.

குப்பிக்குள் இருப்பது சிறுநீர். பதுளை பஜாருக்குப் பின்னால், நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தட்டில் ஒரு சின்ன ஆய்வுகூடம். தேயிலைத் தோட்டங்களில் மருந்தடிப்பவர்களின் உடம்பில் பூச்சி மருந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குப் போத்தல்கள் அங்கே வரும். அவற்றைச் சோதனை மெசினுக்கு ஏற்றபடி பக்குவப்படுத்துவது இவள் வேலை. ஊசிக்குள் ஒளிந்திருக்கும் முடியளவு நார் ஒன்றை வெளியே தள்ளிக் குப்பிக்குள் தொங்கவிடுவாள். மருந்து இருந்தால் நாரில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தண்ணீரிலிருந்து விரட்டி நாரில் ஏற்றத்தான் அந்த உப்பு. பிறகு நாரை அந்தச் சோதனை மெசினுக்குள் விட்டுச் சூடு காட்டினால், திரையில் நமுனுகுல மலை மாதிரி ஒரு கூர் எழும்பும். மருந்து இல்லாவிட்டால் கோடு படுத்தே கிடக்கும்.

அந்த நாருக்காக அவள் பண்ணும் அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. பவுடர், சென்ட், தலையில் பூ, எதுவும் அறைக்குள் வரக்கூடாது. தலைவலித் தைலம் பூசிக்கொண்டு கதை பேச இறங்கிய என்னை வாசலிலேயே மறித்தாள். "அங்கேயே நில்லுங்க அக்கா. நாரு உங்க தலைவலியையும் சேத்துப் புடிச்சிரும்." ஆய்வுகூடத்துப் பொறுப்பாளர் நிமலன் சேர்கூட முகத்துக்கு வாசனை போட்ட அன்று வெளியிலேதான் நிற்பார்.

சுபாஜினி ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். ஓய்வுபெற்ற அப்பா இன்னும் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறார். அண்ணன் மாரிசாமி அங்கே மருந்தடிக்கிறான். அவன் முதுகில் தூக்கிய மருந்து டாங்கிதான் இவளைப் படிக்க வைத்தது. சில காலமாக அவனுக்குக் கை நடுக்கம், கண்ணில் ஓயாத நீர். மருந்துதான் காரணம் என்று தெரிந்தால் வைத்தியம் பார்க்கலாம், வேறு வேலைக்கு மாறலாம். அதனால் அந்தத் தோட்டத்துப் போத்தல்கள் வரப்போகின்றன என்று கேட்டதும் இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எட்டுப் பேருக்கு எட்டுப் போத்தல் வந்தன. நாரைத் தொங்கவிடும் முன், சீனி இருக்கிறதா என்று நிறம் மாறும் பட்டி ஒன்றை நனைத்துப் பார்ப்பது வழக்கம். எட்டிலும் பட்டி பச்சையானது. எட்டிலும் ஒரே அளவு சீனி. எட்டு ஆம்பிளைகளுக்கும் சொல்லிவைத்தாற்போல் ஒரே அளவில் சீனி வியாதி வருமா? உடனே அண்ணனுக்குப் போன் அடித்தாள். அவன் மறைக்கவுமில்லை.

"அப்பாதான் புள்ள எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தாரு. சீனிக்காரருக்கு அதுக்கென்ன பஞ்சம்?"

மாலையில் கங்காணி போத்தல்களைக் கொடுத்திருக்கிறார், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் திருப்பி வாங்கியிருக்கிறார். இடையில் எட்டுப் பேரும் கூடிப் பேசி அப்பாவின் லயத்து வாசலில் வரிசையாக நின்றிருக்கிறார்கள். காரணமும் இல்லாமலில்லை. மருந்தடிப்பு மத்தியானத்தோடு முடியும், ஆனால் முழு நாள் சம்பளத்துக்குப் பேர் விழும். மிச்சப் பொழுதில் போஞ்சி மாதிரி மரக்கறி பயிரிட்டு விற்கலாம். மாரிசாமியின் பிள்ளைகள் படிப்பது அந்தப் போஞ்சியில்தான். உடம்பில் மருந்து என்று வந்தால் அந்த வேலை போய்விடும்.

"கண்ணை வித்துச் சித்திரம் வாங்குன கதை" என்று நான் கொதித்தேன்.

"சித்திரமா வாங்குறாங்க அக்கா? அரிசி வாங்குறாங்க" என்றாள்.

நிமலன் சேரிடமும் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "சீல் வச்சு வந்திருக்கு. கங்காணி கையெழுத்து இருக்கு. போத்தலுக்குள்ள உள்ளதைச் சொல்றதுதான் நம்ம வேலை, சுபாஜினி."

ரிப்போர்ட் போனது. எட்டுப் பேர் உடம்பிலும் மருந்து இல்லை. அதைப் பெரட்டுக் களத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்களாம், யாராவது முகமூடி கேட்டால் காட்டுவதற்கு. மருந்து டாங்கியைத் தொட்டு வருடக்கணக்கான ஒரு கிழவரின் சிறுநீர், எட்டுப் பேருக்கும் நற்சான்றிதழ். நான் சொல்லிச் சொல்லித் திட்டினேன். அவளோ அடுத்த தோட்டத்துக் குப்பியை எடுத்து உப்பை நிறுக்கத் தொடங்கிவிட்டாள்.

போன மாதம் மாரிசாமி பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்தவன் இங்கேயும் தலைகாட்டினான். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் உடுத்திருந்த சாரத்தில் சிந்திக்கொண்டான். நான் பார்க்காதது மாதிரி வீதியைப் பார்த்தேன். சுபாஜினி ஒரு வெறும் போத்தலை அவன் முன்னால் வைத்தாள்.

"இது தோட்டத்துக்கு இல்ல அண்ணே, கங்காணிக்கும் இல்ல. நமக்கு மட்டும். என்ன மருந்துன்னு தெரிஞ்சாத்தானே டாக்டரு வைத்தியம் பாப்பாரு?"

"இப்ப வராது புள்ள. பஸ்ஸுக்கும் நேரமாச்சு. வீட்டுக்குப் போயி குடுத்து விடுறேன்."

"உங்களோடதா இருக்கணும்."

"பின்ன யாரோடது? போ புள்ள."

சொன்னபடியே குடுத்து விட்டான். பஸ் கொண்டக்டர் கையில், பிளாஸ்டிக் சொப்பின் பையில் சுற்றிய போத்தல், கூடவே ஒரு கட்டுப் போஞ்சி. போஞ்சியை என் கையில் தந்துவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கையுறை மாட்டினாள். அவள் பாடி அன்றுதான் கேட்டேன். பட்டியை நனைத்து வெளியே எடுத்தாள். பாட்டு நின்றது. பட்டி பச்சையாகியிருந்தது, முன்பு பார்த்ததைவிடக் கடும் பச்சை.

பாவி, கூடப் பிறந்தவளையுமா ஏமாற்றுவான் என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அவள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்கு அடித்தாள். போனை எடுத்தது அப்பா.

"அப்பா, உங்களுக்குச் சீனி முந்தியவிடக் கூடியிருக்கு" என்றாள். "மாத்திரைய ஒழுங்காப் போடுங்க."

உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அவளும் போனை வைக்காமல் நின்றாள்.