திண்டிவனத்தில் ஷாக் மாற்றி, திருவக்கரை வழியாக வீடு

காலை ஆறரை மணிக்கு விழுப்புரத்திலிருந்து கிளம்பினோம். போகிற இடம் திண்டிவனம், நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள் எட்டு மாதம் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள். முதுகுத்தண்டில் வட்டு விலகி, அறுவை சிகிச்சை முடிந்து, அதன்பின் நான் போன மிக நீண்ட பயணமே ஆஸ்பத்திரிக்குத்தான். அதுவும் எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கண்டங்களையும் கடல்களையும் நடத்துகிற எனக்கு, அன்று திண்டிவனமே வெளிநாடு.

வண்டி எங்கள் பழைய ஜீப். ஓட்டியவர் என் கணவர் சவுந்தர். கரும்பு ஆலையில் வேலை. காணைப் பக்கம் வயல் வயலாகப் போய்க் கரும்பைப் பார்த்து வெட்டுக்கு நாள் சொல்வார். மழைக்காலத்தில் வண்டி போகாத பாதையெல்லாம் இந்த ஜீப் போகும். விடுமுறை நாளில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, எதற்கென்றே தெரியாமல் எங்கேயாவது போகும். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பேசும், குக்கர் பேசும். நாங்கள் பேசிக்கொள்வது ஜீப்பில்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அந்த ஜீப்பைத்தான் விற்கப் போவதாகச் சொல்லியிருந்தார். போன மாதம் ஒரு நாள் என்னை ஏற்றினார். தெருமுனை வேகத்தடை தாண்டியதும் நான் போட்ட சத்தத்தில் இஸ்திரி வண்டிக்காரர் ஓடி வந்துவிட்டார். அன்று சாயங்காலமே சவுந்தர் புதுச்சேரியில் ஒருவரிடம் பேசிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்து வாங்கிய கடைசி வாய்ப்பு இந்த வியாழக்கிழமை. வண்டியின் குலுக்கலைத் தாங்கும் ஷாக்கை மாற்றிப் பார்ப்பது. அப்போதும் எனக்கு வலித்தால் வண்டி புதுச்சேரிக்கு.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு முன்னால் சாலையில் வரிவரியாகப் போட்டிருக்கும் தடுப்புகளில் ஜீப் தடதடத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அதைத் தாண்டியதும் பனி. வலப்பக்கம் ஏரி இருக்கிறதா, வானம் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒரு கொக்கு மட்டும் எதன்மேலும் நிற்காமல் நின்றது. மாத்திரையின் மயக்கமும் சேர்ந்துகொள்ள, சாலை எங்களைத் தூக்கிக்கொண்டு போவதாகவும் ஜீப் சும்மா நிற்பதாகவும் தோன்றியது. இவ்வளவு அழகை விட்டுவிட்டு எட்டு மாதம் மின்விசிறியைப் பார்த்தேனே என்று ஆத்திரமாக வந்தது.

கூட்டேரிப்பட்டில் டீ குடித்தோம். ஒரு டீ பன்னிரண்டு ரூபாய். சவுந்தர் என் டம்ளரை ஜன்னல் வழியாக நீட்டி, "வலிக்குதா?" என்றார்.

"பரவால்ல," என்றேன்.

எங்கள் வீட்டில் அதிகம் புழங்கும் சொல் அதுதான். உப்பு கூடினாலும் பரவாயில்லை, காய்ச்சல் வந்தாலும் பரவாயில்லை. அந்தச் சொல் அன்று என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

எட்டு மணிக்குத் திண்டிவனம். சென்னைக்கும் திருச்சிக்கும் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் இந்த ஊரைப் பார்த்திருப்பீர்கள், பாதித் தூக்கத்தில். இறங்கியிருக்க மாட்டீர்கள். இறங்கினால், இது மல்லாட்டை ஊர், அதாவது வேர்க்கடலை ஊர். மூட்டை ஏற்றிய வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. காற்றில் பச்சை மல்லாட்டையின் மண்வாசனை. மரக்காணம் சாலையில் திரும்பிச் சிறிது தூரத்தில் ஜமால் பாயின் பட்டறை. பாய் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடா நாட்டில் பல வருஷம், சுற்றுலாப் பயணிகளை மணல்மேடுகளில் ஏற்றி இறக்கும் வண்டிகளைப் பராமரித்தவர். வாய் ஓயாத மனிதர். கையும் அப்படியே.

"வாங்க டீச்சர். எறங்காதீங்க. அப்படியே குந்திக்கினு இருங்க," என்றார். சவுந்தரைப் பார்த்து, "ஸ்பிரிங் எது போடணும்னு முடிவு பண்ணீங்களா?" என்றார்.

தரையில் மூன்று வகை ஷாக் இருந்தன, வகைக்கு நான்கு. முன்பு எங்கள் ஜீப்பில் சுருள்வில் ஓரிடத்தில், ஷாக் ஓரிடத்தில். இது இரண்டும் ஒன்றானது. ஷாக்கின் உடம்பைச் சுற்றியே சுருள்வில் ஏறியிருக்கும். காயில் ஓவர் என்கிறார்கள். வில் வண்டியின் எடையைத் தாங்கும், ஷாக் அதன் ஆட்டத்தை அடக்கும். விலையை இங்கே எழுதமாட்டேன். என் அம்மா இதைப் படிப்பார்.

"இருக்கறதுலயே மெத்துனு இருக்கறதப் போடுங்க பாய். மெத்தை மாரி இருக்கணும்," என்றார் சவுந்தர்.

"அதான் எல்லாரும் பண்ற தப்பு. மெத்துனு போட்டா பள்ளத்துல முழுசா அமுங்கிடும். அமுங்கிப் போயி அடியில டங்குன்னு இடிக்கும். அந்த இடி யாருக்கு? ஸ்பிரிங்குக்கா? டீச்சர் முதுகுக்கு."

"அப்ப கெட்டியா போட்டா?"

"கெட்டியா போட்டா சின்னக் கல்லுகூட மேல வந்து சலாம் போடும். நடுவுல இருக்கறதப் போடுவோம். மீதி திருகுறதுல இருக்குது."

நடு ஸ்பிரிங்கைப் போட்டார். வேலை தொடங்கியதும் என்னை மெதுவாக இறக்கிவிட, நான் நிழலில் பெஞ்சில் படுத்திருந்தேன். மாட்டி முடித்ததும் எங்கள் இருவரையும் வண்டியில் உட்காரச் சொன்னார். தண்ணீர் கேன், கருவிப்பெட்டி, ஸ்டெப்னி, நாங்கள் வழக்கமாகக் கொண்டுபோகும் எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னார். என் பக்கம் இன்னும் பத்துக் கிலோ வேண்டும் என்று பக்கத்துக் கடையிலிருந்து ஒரு மல்லாட்டைப் பையை வாங்கி என் காலடியில் வைத்தார்.

"இது எதுக்கு பாய்?"

"எட்டு மாசம் படுத்துக்கினு இருந்து எளச்சிட்டீங்க. இனிமே தேறுவீங்க இல்ல? தேறுற எடைக்கும் சேத்துத்தான் வைக்கணும்."

எனக்குச் சட்டென்று கண் கலங்கியது. நான் தேறுவேன் என்று இவ்வளவு சாதாரணமாக, அளக்கும் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இதுவரை யாரும் சொன்னதில்லை.

சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே வளைவு வரைக்கும் அளந்தார். ஆள் ஏறியதும் வண்டி கொஞ்சம் அமுங்க வேண்டுமாம். அமுங்காவிட்டால், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே எட்டிப் பிடிக்க இடம் இருக்காது. சுருள்வில்லைத் தாங்கும் வளையத்தை முறுக்கி அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். பிறகு இரண்டு திருகுகளைக் காட்டினார். மேலே இருப்பது, வண்டி அமுங்குகிற வேகத்துக்கு. கீழே இருப்பது, அமுங்கியது திரும்ப எழுகிற வேகத்துக்கு. திருகினால் டிக் டிக் என்று சத்தம் கேட்கும்.

"இதுக்கு மீட்டர்லாம் கிடையாது சார். டீச்சர்தான் மீட்டரு. எங்க வலிக்குது, எப்ப வலிக்குதுன்னு அவங்க சொல்லணும். நீங்க எறங்கித் திருகணும். நல்ல ரோட்டுல போவாதீங்க. மயிலம் போயி, திருவக்கரை போயி, கிராமத்து வழியா ஊட்டுக்குப் போங்க. ஜல்தி வேணாம்."

பதினொரு மணிக்குக் கிளம்பினோம். மல்லாட்டைப் பை என் காலடியிலேயே இருந்தது. அதற்குப் பாய் காசு வாங்கவில்லை. மயிலம் குன்றின்மேல் கோயில், வெயிலில் வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டிச் சிறிய சாலையில் இறங்கியதும் செம்மண், பனைமரம், ஆள் இல்லாத வயல். எல்லாம் மெதுவாக வந்து மெதுவாகப் போயின.

எங்கள் பக்கத்துக் கிராமத்து வேகத்தடைகளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றை அரசாங்கம் போடுவதில்லை. தெருக்காரர்களே போடுகிறார்கள். ஒரு வீட்டில் கட்டடம் கட்டி மிச்சமான சிமெண்ட் எவ்வளவோ, அவ்வளவு உயரம். பெயிண்ட் கிடையாது. முதல் தடையில் வண்டி ஏறியது. ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கியதும் இருக்கை என்னைத் தூக்கிப் போட்டது.

"வலிக்குதா மல்லிகா?"

"பரவால்ல."

இரண்டாவது தடை. "வலிக்குதா?" "இல்ல, பரவால்ல." மூன்றாவது. நான்காவதில் கண்ணில் பூச்சி பறந்தது. அப்போதும் பரவாயில்லைதான். வலிக்கிறது என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வண்டி போய்விடும். என்னவானாலும் சொல்லக்கூடாது என்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் நம்பினார். ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. சீட்டி அடித்துக்கொண்டு வந்தார், பாவம்.

திருவக்கரையில் கல்மரப் பூங்காவின் வாசலில் நிறுத்தினார். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, மண்ணில் புதைந்து, கல்லாகிப்போன மரங்கள். செம்மண்ணில் அங்கங்கே படுத்துக் கிடக்கின்றன. பட்டை, கணு, வளையம் எல்லாம் அப்படியே இருக்கிறது. தொட்டால்தான் கல். வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். இறங்கித் தொட்டுப் பார்க்கத்தான் ஆசை. ஆனால் இறங்க முடியவில்லை. இடது கால் வர மறுத்தது.

சவுந்தர் கதவைத் திறந்துகொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எப்பலேந்து?"

"முதல் ஸ்பீட் பிரேக்கர்லேந்து."

"அப்ப ஏன்டி பரவால்ல பரவால்லன்னு சொன்ன?"

"சொன்னா வித்துடுவீங்க!" என்று கத்திவிட்டேன். பூங்காக் காவலர் திரும்பிப் பார்த்தார். "வலிச்சாலும் பரவால்ல, எனக்கு இதுல வரணும். ஊட்ல படுத்துக்கினு உங்க மூஞ்சியையும் ஃபேனையும் மாத்தி மாத்திப் பாக்க என்னால ஆவாது. நீங்களும் பேச மாட்டேங்கறீங்க."

அவர் சாலையோரக் கல்லில் போய் உட்கார்ந்தார். "எனக்கு மட்டும் விக்க ஆசையா? உன்ன ஊட்ல உட்டுட்டு நான் மட்டும் இதுல போறது பேஜாரா கீது. வண்டியப் பாத்தாலே நீ கத்துன சத்தம்தான் கேக்குது," என்றார். எட்டு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது. சாலையில் நின்ற ஜீப்பின் கதவு திறந்திருந்தது. நான் உள்ளே, அவர் வெளியே. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பாய்க்குப் போன் போட்டு, இருவருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"டீச்சர், ஏறும்போது வலிச்சுதா, எறங்கும்போதா?" என்றார் பாய்.

"ஏறும்போது ஒண்ணும் இல்ல பாய். எறங்கினதும் தூக்கி எறியுது."

"அடக் கடவுளே. என் தப்பு. மணல் பழக்கத்துல வச்சிட்டேன். மணல்மேட்டுல சக்கரம் டக்குன்னு கீழ எறங்கணும், அதுக்குக் கீழ்த் திருக லூசா உடுவோம். உங்க ஊரு ஸ்பீட் பிரேக்கருக்கு அது ஆவாது. சார், கீழ்த் திருக மூணு டிக்கு இறுக்குங்க. மேல் திருகத் தொடாதீங்க. டீச்சர், இனிமே பரவால்லன்னா நான் போன எடுக்க மாட்டேன்."

சவுந்தர் செம்மண்ணில் படுத்து, நான்கு சக்கரத்துக்கும் திருகினார். வெள்ளைச் சட்டை சிவப்பாகிவிட்டது. நான் அவர் தோளைப் பிடித்து மெதுவாக இறங்கி, பூங்காவுக்குள் போய் ஒரு கல்மரத்தில் கை வைத்தேன். வெயிலில் சூடாக, உயிரோடு இருப்பதாகத் தோன்றியது. வக்ரகாளியம்மன் கோயிலுக்கும் போனோம். இந்தக் கோயிலில் கோபுரமும் கொடிமரமும் நந்தியும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பார்கள். உண்மைதான், விலகி விலகித்தான் நிற்கின்றன. என் முதுகை நினைத்து அம்மனிடம் சிரித்துவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் முதல் தடை. ஏறியது, இறங்கியது.

"வலிக்குதா?"

"வலிக்குது. முன்ன மாரி இல்ல. பாதி."

இறங்கி இரண்டு டிக் திருகினார். அடுத்த தடை. "இப்ப?" "இப்ப இறுக்கிப் புடிக்குது. அடுத்த குழி வர்றதுக்குள்ள எழுந்துக்கவே இல்ல." ஒரு டிக் தளர்த்தினார். அப்படியே ஊர் ஊராக, தடை தடையாக, நான் உண்மை சொல்வதும் அவர் படுத்து எழுவதுமாக வந்தோம். ஒரு தெருவில் ஆடு மேய்த்த பெண்மணி நின்று பார்த்து, "இன்னாங்க, வண்டி ரிப்பேரா?" என்றார். "வண்டி இல்லம்மா, ஊட்டுக்காரி," என்றார் சவுந்தர். அந்தப் பெண்மணி சிரித்த சிரிப்பில் ஆடுகள் கலைந்தன.

அதற்கப்புறம் ஒரு தடையில் ஜீப் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளி ஆண்டுவிழாவைப் பற்றியும் அவருடைய புது மேலதிகாரியைப் பற்றியும் பேசினோம். பாயின் மல்லாட்டையை உடைத்து நான் பாதியும் அவர் பாதியும் தின்றோம். சாயங்கால வெயில் வயலில் சாய்ந்து மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டே இருந்தேன் என்றுதான் நினைத்தேன்.

கண் விழித்தபோது இரண்டு பக்கமும் கரும்பு. ஆளுயரத்துக்கும் மேலே. காற்றில் தோகைகள் உரசும் சத்தம். ஜீப் மாட்டு வண்டித் தடத்தில் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. கீழே எவ்வளவு மேடு பள்ளம் என்று பார்த்தால் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாக ஒரு பக்கம் திரும்பித் தூங்கக்கூட முடியாதவள் நான்.

"இது எந்த எடம்?"

"காணை."

"ஊடு தாண்டிப் பத்துக் கிலோமீட்டர் வந்துட்டோமா? ஏன் நிறுத்தல?"

"தூங்கிக்கினு இருந்த. நிறுத்துனா எழுந்துடுவன்னு அப்படியே ஓட்டிக்கினு வந்துட்டேன்."

சட்டை முழுக்கச் செம்மண்ணோடு, சாலையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார். அவர் காலரில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டேன்.

"ஞாயித்துக்கிழம புதுச்சேரிக்காரர் வருவாரே, இன்னா சொல்லப் போறீங்க?"

"வண்டி ஊர்ல இல்லன்னு சொல்லிடறேன்."

"பொய்யா? பரவால்லன்னு பொய் சொல்றத நான் இன்னிக்குத்தான் உட்டேன்."

அவர் வண்டியை ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றினார். கை தானாகக் கைப்பிடியைத் தேடிப் போய், தேவையில்லை என்று மடிக்குத் திரும்பி வந்தது.

"பொய் ஆவாம பாத்துக்கலாம்," என்றார். "ஞாயித்துக்கிழம எங்க போலாம்னு நீ சொல்லு, டீச்சர்."